தறிச் சத்தம் பழகிப்போச்சா? காது பழகுவதில்லை!

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக் குடோனுக்குள் நுழைந்தால் பேச்சு வேலைக்கு ஆகாது. நூல் அறுந்துவிட்டது, தண்ணீர் வேண்டும், ஓனர் வருகிறார்... எல்லாவற்றுக்கும் கை ஜாடையும் உதட்டசைவும்தான். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளிலும் இதே கதைதான். அங்கே இந்த உதட்டசைவுப் பேச்சுக்கு 'மீ-மா' என்று பெயரே வைத்திருந்தார்கள். கோவையைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்பது இந்த விஷயத்திலும் பொருந்திப்போகிறது!

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு, ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்த பிறகும் காதுக்குள் 'ங்ஙொய்' என்று வண்டு சத்தம் கேட்கும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால், "பழகிப்போச்சுங்க" என்பார். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒலி செவிப்பறையில் மோதி, மூன்று குட்டி எலும்புகள் வழியாக நத்தைக் கூடு போலச் சுருண்ட 'காக்ளியா'வுக்குப் போகிறது. அதற்குள் இருக்கும் திரவம் அசையும்போது, நுண்ணிய முடி செல்கள் வளைந்து மூளைக்குச் சிக்னல் அனுப்புகின்றன. ஒரு காதில் சுமார் 15,000 முடி செல்கள்தான். வயலில் பயிரை ஒருமுறை மிதித்தால் நிமிர்ந்துவிடும், தினமும் மிதித்தால்? அதேபோல இந்தச் செல்களும் ஒரு கட்டத்துக்கு மேல் எழுவதில்லை, செத்துவிடும்.

முதலில் அடி வாங்குவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சு ஒலிகளைப் பிடிக்கும் செல்கள். அதனால் பேச்சு காதில் விழும், வார்த்தை பிடிபடாது. 'காசு' என்றாரா, 'காது' என்றாரா? குழப்பம் வரும். பேத்தி பேசுவது புரியாமல், "வாய்க்குள்ளயே பேசாத கண்ணு" என்று தாத்தா அதட்டுவார். டி.வி வால்யூம் ஏறிக்கொண்டே போகும்.

மூக்கில் வாசனையை உணரும் செல்கள்கூட அவ்வப்போது புதிதாக முளைக்கின்றன. காதின் முடி செல்கள் மனிதருக்கு முளைப்பதில்லை. ஆனால் கோழிக்கு முளைக்கும்! 1988-ல் வெளியான ஆய்வுகள் இதைக் காட்டின. தறிக்கும் கோழிப் பண்ணைக்கும் பேர்போன பல்லடத்தில், கோழிக்குக் கிடைத்த வரம் தறி ஓட்டுபவருக்கு இல்லை.

85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது உலக அளவில் பலரும் பின்பற்றும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி நேரம், 94 என்றால் 1 மணி நேரம், 100 என்றால் வெறும் 15 நிமிடம். நாடா பாயும் விசைத்தறிக் கூடத்தில் 95-ஐத் தாண்டுவது சாதாரணம். ஷிஃப்டோ பல இடங்களில் 12 மணி நேரம்.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948-ம் வருட தொழிற்சாலைகள் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடம் என்றால், பொதுவாக 10 பேராவது வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்றது அந்தச் சட்டம். நாலைந்து பேர் ஓட்டும் குடோன்கள் கணக்கில் வரவில்லை.

கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடமே கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்தின் சத்தம் காதுக்கு ஆகாது என்று அர்த்தம். வருடம் ஒருமுறை காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் 'ஆடியோகிராம்' எடுத்தால், பேச்சு தடுமாறும் முன்பே பாதிப்பு தெரிந்துவிடும். சத்தமான வேலை முடித்து, பஸ்ஸில் இயர்போனைச் சத்தமாக வைத்துப் பாட்டு கேட்பதும் வேண்டாம், காதுக்கு அந்த ஓய்வு தேவை.

பஞ்சுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் பலர் பஞ்சையே காதில் அடைத்துக்கொள்கிறார்கள். அது போதவே போதாது. ஃபோம் இயர் பிளக் நல்லது. சுத்தமான கையால் அதை மெல்லியதாக உருட்டி, காது மடலை மேல்நோக்கிப் பின்னால் இழுத்துச் செருகி, அது உள்ளே விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும்.