முதுமையில் கால் இடறாதிருக்க

வீட்டில் வயது சென்றவர் ஒருவர் கீழே விழுந்துவிட்டால், "போதாத காலம்" என்று சொல்லிப் பழியைக் கிரகங்களின்மேல் சுமத்திவிடுவது நம்மவர் வழக்கம். சனி பகவானுக்கு எத்தனையோ அலுவல்கள் இருக்கையில், ஸ்நான அறையில் எண்ணெயைச் சிந்தியவரும் அவரே என்பது சற்று அநியாயமாகவே நமக்குத் தோன்றுகிறது.

நாம் நன்கறிந்த இல்லம் ஒன்றில் எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் செய்துவிட்டு எழுந்தவர், வழவழப்பான டைல்ஸ் தரையில் வழுக்கி விழுந்தார். இடுப்பருகே தொடை எலும்பு முறிந்தது. சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. ஆயினும், நாள்தோறும் தனியே கோயிலுக்குச் சென்று வந்தவர், வாசல் வரையில் வருவதற்கும் துணை தேடலானார். எலும்பு கூடிவிட்டது, அச்சம் அகலவில்லை. அச்சத்தால் நடை குறைகிறது. நடை குறையவே கால் தசை வற்றுகிறது. தசை வற்றியவர் மறுபடியும் விழுகிறார். முறிவைக் காட்டிலும் இந்தச் சுழலே கொடியது.

பின்னர் ஒரு நாள் பாட்டி நம்மிடம் மெல்லச் சொன்னார்: "இதுக்கு முன்னாடியும் ரெண்டு தடவை விழுந்திருக்கேன். சொன்னா கோயிலுக்கு விடமாட்டான்னு பையன்கிட்ட சொல்லலை." கடிந்துகொள்ளும் வீட்டில் முதல் எச்சரிக்கை வெளியே வருவதில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தோம். அறுபத்தைந்து வயது கடந்தோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ஆண்டுதோறும் விழுகிறார். ஆகவே, "இந்த வருஷத்தில் எப்போதாவது விழுந்தீர்களா?" என்று அன்போடு கேட்பதே முதற்காரியம்.

அடுத்தது, இராக் காலத்தில் வீட்டைச் சுற்றிப் பார்ப்பது. கட்டிலிலிருந்து கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்கு உண்டா? நழுவும் கால்மிதி, தேய்ந்த ரப்பர் செருப்பு, தரையில் புரளும் புடவைக் கொசுவம் ஆகிய ஒவ்வொன்றும் ஓர் அபாயமே. ஸ்நான அறைச் சுவரில் கைப்பிடிக் கம்பி பதிப்பதற்கு ஆகும் செலவு, ஆஸ்பத்திரியின் ஒரு நாள் செலவுக்கு ஈடாகாது. படுக்கையிலிருந்து திடீரென எழுந்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றக்கூடும். சற்று உட்கார்ந்திருந்து எழுவது நலம். தூக்க மாத்திரை உண்போருக்குத் தள்ளாட்டம் அதிகம். அதைத் தாமாக நிறுத்திவிடாமல் டாக்டரைக் கலந்துகொள்ள வேண்டும். கண்ணில் புரை படர்ந்திருப்பின் சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது.

இவையெல்லாவற்றிலும் முக்கியமானது காலின் வலு. நியூஸிலாந்து தேசத்தின் டனீடின் நகரில் ஒட்டாகோ சர்வகலாசாலையார் நடத்திய பரிசோதனையொன்றின் முடிவு 1997-இல் வெளியாயிற்று. எண்பதும் அதற்கு மேலும் வயதான 233 மாதர்களில் ஒரு பாதியினருக்கு வீட்டிலேயே தேகப் பயிற்சி கற்பிக்கப்பட்டது. காலுக்கு வலுவூட்டுவதும், உடலை நிலைநிறுத்தப் பழகுவதும், நடப்பதுமே அப்பயிற்சி. ஓராண்டில் பயிற்சி பெற்றோரிடையே 88 வீழ்ச்சிகளும், பெறாதோரிடையே 152 வீழ்ச்சிகளும் நேர்ந்தன. எண்பது வயதிலும் தசை கற்றுக்கொள்ளும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. "வயதாகிவிட்டது, ஓரிடத்தில் சும்மா உட்காருங்கள்" என்று நாம் காட்டும் பரிவு எத்துணைப் பிழையானது!

மேற்சொன்ன பாட்டிக்கு உடற்பயிற்சி மருத்துவர் ஒருவர் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதற்கும், மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பதற்கும் கற்பித்தார். இப்போது அடுப்பில் பால் பொங்குவதற்குள் சமையல் மேடையைப் பிடித்தவாறு இருபது முறை எண்ணி முடிக்கிறார். மருமகள் உள்ளே வந்தால் மட்டும் வெட்கப்பட்டு நிறுத்திவிடுகிறார். சென்ற மாதம் கைத்தடியோடு தெருக்கோடிப் பிள்ளையார் வரையில் போய் வந்தார். பையன் பத்தடி பின்னால் நடந்தான்.