சண்டைக்கும் ஒரு முகவரி

வடசென்னை எம்.கே.பி. நகரில் ஒரு நடிகரின் பிறந்தநாளுக்கோ புதுப்பட வெளியீட்டுக்கோ வைக்கும் பேனரை நின்று நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். மேலே நடிகர் மாடி உயரத்துக்குச் சிரிப்பார். கீழே வரிசை வரிசையாகத் தபால்தலை அளவில் படங்கள். ஒவ்வொரு படத்தின் அடியிலும் ஒரு பெயர், சில சமயம் வீட்டில் கூப்பிடும் பெயரும் சேர்ந்தே இருக்கும். பிறகு மன்றத்தின் பெயர், பதிவு எண், வட்டம், தெரு. கூலிங்கிளாஸ் மாட்டிக் கைகட்டி நிற்கும் அந்தப் படங்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த வரிசை சத்தமில்லாமல் ஒரு வேலை செய்கிறது. எதிர் நடிகரைக் குத்தி ஒரு வாசகம் பேனரில் இருந்தால், அதற்கு யார் பொறுப்பு என்று தெருவுக்கே தெரியும். எதிர் மன்றத்துக்காரர் நேராகப் போய் “இன்னாபா இது?” என்று கேட்கலாம். கேட்டவரும் பதில் சொன்னவரும் மறுநாள் அதே ஹவுசிங் போர்டு படிக்கட்டில் எதிரெதிரே ஏறி இறங்க வேண்டியவர்கள்.

அதே இளைஞர் கைப்பேசியில் எக்ஸ் தளத்துக்குள் நுழையும்போது இதெல்லாம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் நடிகரின் முகம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் படத்தின் பெயரும் நான்கு எண்களும். இணையத்தில் ரசிகர் சண்டை நாறிப்போனதற்கு இளைஞர்களின் வாய் கெட்டுப்போனதுதான் காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சண்டைக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லாமல் போனதும், எதைப் பற்றிச் சண்டை என்ற வரம்பு கரைந்ததும்தான் காரணம். 2019 ஜூலை இறுதியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நல்ல உயிரோடு இருந்த விஜய்க்கு இரங்கல் தெரிவிக்கும் ஹேஷ்டேக் ஒன்று இந்திய அளவில் முன்னணிக்கு வந்தது. அதை முறியடிக்க, அவர் நீடு வாழ்க என்று இன்னொரு ஹேஷ்டேக். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காகக் குடங்கள் வரிசையில் கிடந்த கோடை அது. பொய்த்த மழையையும் வறட்சியையும் சுட்டிக்காட்டி, இந்த நேரத்தில் நம் இளைஞர்கள் இதையா முன்னணிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று கிரிக்கெட் வீரர் அஸ்வின் பொருமினார். அந்த ஹேஷ்டேக்கில் ஒரு படத்தைப் பற்றியோ பாட்டைப் பற்றியோ நடிப்பைப் பற்றியோ ஒரு கருத்தும் இல்லை. மறுத்துப் பேச அதில் எதுவுமே இல்லாததால், பதிலுக்கு வாழ்த்துக் கோஷம் மட்டுமே போட முடிந்தது.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு நடந்தது இன்னும் மோசம். 2017 ஆகஸ்டில் பத்திரிகையாளர் தன்யா ராஜேந்திரன், ஷாருக் கான் நடித்த ஓர் இந்திப் படத்தைப் பற்றி எழுதும்போது, இடைவேளையோடு தாம் எழுந்துவந்த விஜய்யின் ‘சுறா’வை அது மிஞ்சிவிட்டது என்று குறிப்பிட்டார். 2010இல் வந்த ‘சுறா’வை விஜய் ரசிகர்களிலேயே பலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியதில்லை. அதனால் ‘நல்ல படம்தான், இந்த இந்தக் காட்சியைப் பாருங்கள்’ என்று வாதாட யாரும் வரவில்லை. அவர் பெயரையே ஹேஷ்டேக் ஆக்கி, நாள் கணக்கில் ஆபாச வசை கொட்டினார்கள். அவர் காவல்துறையில் புகார் கொடுத்தார். பெண்களை மதிக்க வேண்டும், ஒரு படத்தை விமர்சிக்க யாருக்கும் உரிமை உண்டு என்று விஜய்யே அறிக்கை விட வேண்டியிருந்தது. படத்தைப் பற்றித் தொடங்கிய பேச்சு, பேசியவர் பெண் என்பதில் போய் முட்டி நின்றது. ரசிகர் பேச்சில் நாகரிகம் முறிகிற இடம் எது என்று கேட்டால், நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

இங்கே வடசென்னைக்காரர் ஒருவர் குறுக்கிடலாம். குறுக்கிட அவருக்கு முழு உரிமை உண்டு. ‘நாகரிகமாகப் பேசு’ என்ற அறிவுரை எப்போதும் யாரை நோக்கி வருகிறது? தமிழ் சினிமா எத்தனையோ ஆண்டுகளாக வடசென்னைப் பேச்சை ரவுடிக்கும் காமெடியனுக்கும் மட்டுமே கொடுத்துவந்தது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டைக் களமாக்கி பா. இரஞ்சித் ‘மெட்ராஸ்’ எடுத்த 2014 வரை அந்தப் பேச்சுக்குத் திரையில் கதாநாயக மரியாதை அரிதாகத்தான் கிடைத்தது. ஆகவே இணையத்தில் கண்ணியம் என்று யாராவது தொடங்கினாலே, ‘உன் பாஷை சரியில்லை, வாயை மூடு’ என்பதன் மரியாதையான வடிவமாகவே அது இங்கே கேட்கும். இந்த எதிர்ப்பை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் நாகரிகத்தைச் சொல்லின் மென்மையில் தேடக் கூடாது என்கிறேன். ‘படம் டுபாக்கூர், ரெண்டாவது பாதி மரண மொக்கை’ என்பது விமர்சனம். கரடுமுரடானது, ஆனால் படத்தைத் தாண்டிப் போகவில்லை. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாத தமிழில், படம் பிடிக்கவில்லை என்றவரின் சாதியையும் வீட்டுப் பெண்களையும் இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வசை அதுதான். கலாய்ப்பது, ஓட்டுவது, ‘முட்டுக் கொடுக்காதே’ என்று மடக்குவது எல்லாம் ரசிக உலகத்தின் சொத்து. அதைப் பறித்துவிட்டு அங்கே கருத்தரங்கம் நடத்தச் சொல்ல நான் தயாராக இல்லை.

கடுமையாக மோதிக்கொண்டே வரம்புக்குள் நிற்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. எம்.கே.பி. நகரின் முழுப்பெயரான மகாகவி பாரதி நகர் என்பதிலேயே அப்படி ஒரு சண்டையின் சுவடு இருக்கிறது. பாரதி 1921இல் மறைந்தார். அவர் மகாகவிதானா என்பது 1930களின் நடுவில் பெரிய தகராறாக வெடித்தது. பாரதியின் பரம ரசிகரான வ.ரா. ஒரு பக்கம். பாரதி தேசிய கவி, நல்ல கவி, ஆனால் மகாகவி என்ற உயரத்தில் வைக்க முடியாது என்று ஆனந்த விகடனில் இருந்த கல்கி எதிர்ப்பக்கம். கல்கிக்கும் அவர் தரப்பினருக்கும் பதிலாக கு.ப. ராஜகோபாலனும் சிட்டி என்கிற பெ.கோ. சுந்தரராஜனும் தினமணியில் எழுதினார்கள். இரண்டு தரப்பும் பாரதியின் ரசிகர்கள் என்பதுதான் இதில் சுவை. இன்றைய மொழியில் சொன்னால் இது ஒரே ஹீரோவின் ரசிகர்களுக்குள் பட்டத்துக்காக நடந்த ஃபேன் வார். கேலி இருந்தது, காரம் இருந்தது, பத்திரிகைப் போட்டியும் இருந்தது. ஆனால் கேள்வி நழுவவில்லை. மகாகவி என்று ஒருவரைச் சொல்ல எது அளவுகோல், பாரதியின் எந்தப் படைப்பு அதற்குச் சான்று என்பதைச் சுற்றியே பேச்சு நின்றது. கு.ப.ரா., சிட்டி கட்டுரைகள் 1937இல் ‘கண்ணன் என் கவி’ என்ற நூலாயின. பாரதி பற்றிய தொடக்ககாலத் திறனாய்வு நூல்களில் அதற்கு இன்றும் இடம் உண்டு. அந்த விவாதத்தின் வரலாற்றைத் தொடர்ந்து கா. சிவத்தம்பியும் அ. மார்க்சும் தனி நூலே எழுதினார்கள். மகாகவி பட்டத்துக்கு மறுப்புச் சொன்ன கல்கிதான் பிறகு முன்னின்று நிதி திரட்டி எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பினார். 1947 அக்டோபரில் ராஜாஜி அதைத் திறந்துவைத்தார். கருத்தில் எதிர்நின்றவரைத் துரோகி என்று முத்திரை குத்தி விரட்டியிருந்தால், மண்டபத்துக்கு வேறு ஆள் தேடியிருக்க வேண்டும்.

இதன் பக்கத்தில் நம் காலத்துப் பட்டச் சண்டையை வைத்துப் பார்க்கலாம். 2022 டிசம்பரில் ‘வாரிசு’ பாடல் வெளியீட்டில், விஜய்தான் சூப்பர் ஸ்டார் என்று தாம் அன்றே சொன்னதாக சரத்குமார் பேசினார். 2023 ஜூலையில் ‘ஜெயிலர்’ விழாவில் ரஜினிகாந்த் காகம், கழுகு கதை சொன்னார். கழுகு யார், காகம் யார் என்று இணையம் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டது. அந்த நவம்பரில் ‘லியோ’ வெற்றி விழாவில், சூப்பர் ஸ்டார் என்றால் ஒருவர்தான் என்று விஜய் சொல்லவேண்டி வந்தது. 2024 ஜனவரியில் ‘லால் சலாம்’ மேடையில், அந்தக் கதை விஜய்யைக் குறித்தது அல்ல என்றும் ஒப்பிட வேண்டாம் என்றும் ரஜினியே விளக்கினார். இவ்வளவு ஆவி போனதில் மிஞ்சியது என்ன? நட்சத்திரம் என்பதற்கு வசூல் அளவுகோலா, ஆண்டுகளா, நடிப்பா, ஊர் ஊராக மன்றமா என்பது உண்மையிலேயே நல்ல கேள்வி. அதைப் பற்றி நினைவில் நிற்கிற ஒரு கட்டுரைகூட அந்தச் சண்டையிலிருந்து பிறக்கவில்லை.

‘அந்தக் காலத்தில் எல்லாரும் கனவான்களா?’ என்று கேட்டால், இல்லவே இல்லை. ஏழுகிணற்றில் வாழ்ந்து திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போய்வந்த இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867இல் ‘திருவருட்பா’ என்று அச்சேறின. சமகாலத்தவரின் பாட்டைத் திருமுறைகளுக்கு நிகராக வைக்கலாமா என்று ஆறுமுக நாவலர் தரப்பு எதிர்த்தது. கேள்வி கனமானதுதான். ஆனால் அது அவதூறு வழக்காகி 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. அடிகள் 1874இல் மறைந்தார், நாவலர் 1879இல். இருவரும் போன பிறகும் தொண்டர்கள் விடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சென்னையில் நா. கதிரைவேற்பிள்ளை ஒரு பக்கமும் மறைமலையடிகள், செய்குத்தம்பிப் பாவலர் மறுபக்கமுமாகச் சண்டை தொடர்ந்தது. ப. சரவணன் தொகுத்திருக்கும் அந்தக் கண்டன வெளியீடுகளைப் புரட்டினால், இன்றைய எக்ஸ் பதிவுகளை வெட்கப்படவைக்கும் வசை இருக்கிறது. ஆக, அச்சுக் காலமா இணையக் காலமா என்பது பிரச்சினையே இல்லை. நேரில் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. விஜய்யின் ‘வாரிசு’, அஜித்தின் ‘துணிவு’ இரண்டும் 2023 ஜனவரி 11 அன்று ஒன்றாக வந்தபோது கோயம்பேடு ரோகிணி திரையரங்கில் பேனர்கள் கிழிந்தன. லாரி மேல் ஏறி ஆடிய ஓர் இளைஞர் விழுந்து உயிர்விட்டார். பெருங்கூட்டத்துக்குள்ளும் முகம் தொலைந்துவிடுகிறது. தெருவில் பேனர் வைக்கிற பதினைந்து பேருக்குள் அது தொலைவதில்லை.

அப்படியானால் எல்லாரும் சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு எழுத வேண்டுமா? கூடாது. ஒரு பெண் ரசிகைக்கு அது ஆபத்து. தெருப் பெயரைச் சொன்னாலே வேறு மாதிரி பார்க்கப்படுகிற பகுதியிலிருந்து எழுதுகிறவருக்கு மறைவு ஒரு கவசம். புதுமைப்பித்தன் என்பதும் புனைபெயர்தான், கல்கி என்பதும் அப்படித்தான். அந்தப் பெயர்கள் மாறாமல் நின்றன, நேற்று எழுதியதற்கு இன்று பதில் சொன்னன. நான் கேட்பதும் அவ்வளவுதான். ஒரே பெயர் நீடிக்கட்டும். அந்தப் பெயர் ஒரு குழுவைச் சேர்ந்ததாக இருக்கட்டும். வரம்பு மீறினால் ‘இது எங்க ஆள், நாங்க பாத்துக்கிறோம்’ என்று சொல்ல அந்தக் குழுவில் ஒருவர் இருக்கட்டும்.

நட்சத்திரங்கள் சொன்னால் ரசிகர்கள் கேட்பார்களே என்பது அடுத்த வாதம். சொல்லாமலா இருந்தார்கள்? அஜித் 2011 ஏப்ரலில் தம் மன்றங்களையே கலைத்தார். 2024 டிசம்பரில், பொது இடங்களில் தம் பெயரோடு ‘கடவுளே’ என்று கோஷம் போட வேண்டாம் என்று அறிக்கை விட்டார். 2025 ஜனவரியில் துபாய் கார் பந்தயத்துக்குப் போனபோது, எங்களுக்கு வாழ்க போட்டது போதும், உங்கள் வாழ்க்கையைப் பாருங்கள் என்ற பொருளில் பேசினார். அவர் நோக்கத்தில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் பெயர் கெட்ட ஹேஷ்டேக் போர்கள் பலவும் 2011க்குப் பிறகுதான் நடந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். மன்றம் என்றால் அதற்குத் தலைவர் உண்டு, செயலாளர் உண்டு, கண்டிக்கவும் நீக்கவும் வழி உண்டு. மன்றம் போனபின் ரசிகர்கள் போகவில்லை, பொறுப்பாளர்தான் போனார். இதை மட்டுமே காரணமாக்க மாட்டேன். ஒரு பதிவுக்குப் பதில் குவியக் குவிய எழுதியவருக்குக் காசு கிடைக்கும் ஏற்பாட்டை 2023இல் எக்ஸ் கொண்டுவந்ததும் எரிகிற வீட்டில் பெட்ரோல் ஊற்றியது. படம் வந்த முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன தயாரிப்பாளர் சங்கமோ வேறு மரத்தில் ஏறியது. நீதிமன்றம் அப்படித் தடைபோட முன்வரவில்லை, நல்லவேளை. வசையை நிறுத்த முடியாதவர்கள் கருத்தை நிறுத்தப் பார்த்தார்கள்.

கடைசியாக ஒரு சாக்கு: ‘லட்சம் பேர் எழுதுகிறார்கள், யாரை யார் கட்டுப்படுத்துவது?’ இதை நம்ப எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. நடிகரின் பிறந்தநாளுக்கு முந்தின நாள் ட்ரெண்டிங் குழுக்கள் வேலை செய்யும் அழகைப் பார்க்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு டேக் வெளியிடப்படும், அதுவரை யாரும் போடக் கூடாது என்று அறிவிப்பு வரும். ஓர் எழுத்து மாறினாலும் எண்ணிக்கை சிதறும் என்று எழுத்துக்கூட்டலைக் கற்றுத்தருவார்கள். ஒரு பதிவில் எத்தனை டேக், எத்தனை முறை ரீட்வீட் என்று விதி சொல்வார்கள். நாமக்கல்லிலும் கோலாலம்பூரிலும் எம்.கே.பி. நகரிலும் இருக்கிறவர்கள் அதை அப்படியே கடைப்பிடிக்கிறார்கள். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் இந்தக் குழுக்களை நடத்தும் அட்மின்கள் யாரென்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆறு மணி என்றால் ஆறு மணிக்கே லட்சம் விரல்களை அசைக்கத் தெரிந்தவர்கள், உயிரோடிருக்கும் ஒருவருக்கு இரங்கல் டேக் கிளம்பும்போதும் ஒரு பெண்ணின் பெயர் டேக் ஆகும்போதும் ‘நம்ம ஆளுங்க யாரும் இதுல எழுதக் கூடாது, எழுதினா குரூப்பிலிருந்து வெளியே’ என்று ஒரு வரி அனுப்பலாம். அப்படி அனுப்புகிற அட்மின் யார் என்பதையும், பேனரில் போடுவதுபோல, அந்த வரிக்குக் கீழேயே போட்டுக்கொள்ளட்டும்.