நாய் ஏன் சொறிகிறது?

நாய் சொறிவதைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. பின்னங்காலைத் தூக்கி, காதுக்குப் பின்னால் நாலு தடவை சொறிந்து, உடலை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுப் போய்விட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் இரவும் பகலும் ஓயாமல் சொறிகிறது, முடி கொட்டுகிறது, தோல் தடித்துச் செதில் செதிலாக உதிர்கிறது என்றால்? அது நோய்.

உடனே கைவைத்தியம் தொடங்கிவிடும். ஒருவர் மண்ணெண்ணெய் தடவச் சொல்வார். மற்றொருவர் வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலைக் கொண்டு வருவார். இன்னொருவர் பினாயில் கலந்த நீரில் குளிப்பாட்டச் சொல்வார். இவை மூன்றும் ஆபத்தானவை. புண்பட்ட தோல் வழியாக இந்த நஞ்சு உடலுக்குள் இறங்கும். நாயோ தன் உடலைத் தானே நக்கிக்கொள்ளும் பிராணி. எனவே வாய் வழியாகவும் நஞ்சு உள்ளே போகும். சொறி போவதற்கு முன்பே நாயின் உயிர் போய்விடலாம்.

அப்படியானால் சரியான வைத்தியம் எது? அதற்கு முன் வேறு இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எதிரி யார்? அவன் எங்கே குடியிருக்கிறான்?

வீடெல்லாம் தெள்ளு

முதல் எதிரி தெள்ளுப்பூச்சி. ஏறக்குறைய 2 மி.மீ. நீளமே உள்ள, இறக்கையில்லாத பூச்சி. பக்கவாட்டில் தட்டையான உடல் இருப்பதால் முடிகளுக்கு இடையே எளிதாக நுழைந்து ஓடும். தன் உடல் நீளத்தைப் போல் நூறு மடங்கு தூரம் தாவவும் வல்லது. அது கடிக்கும்போது எச்சில் தோலில் இறங்குகிறது. அந்த எச்சில் சில நாய்களுக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அத்தகைய நாயை ஒன்றிரண்டு தெள்ளுகள் கடித்தாலே போதும். வால் அடியிலும் இடுப்பிலும் முடி கொட்டும் அளவுக்கு அது கடித்துக் குதறிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை நாயை நன்றாகக் குளிப்பாட்டித் தெள்ளுகளை ஒழித்தோம். புதன்கிழமை பார்த்தால் மறுபடியும் தெள்ளு! இது எப்படி?

பெண் தெள்ளு ஒரு நாளில் 40 முட்டைகள் வரை இடும். அந்த முட்டைகள் நாயின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நாய் படுக்கும் சாக்கிலும், பாயிலும், தரை வெடிப்பிலும் உதிர்ந்துவிடுகின்றன. அங்கேயே பொரித்துப் புழுவாகி, கூட்டுப்புழுவாகின்றன. நாயின் மேல் நாம் காணும் தெள்ளுகள் நூற்றில் ஐந்து பங்குதான். மீதி 95 பங்கும் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டில்தான் இருக்கின்றன! கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு மாதக்கணக்கில் காத்திருக்கும். நடமாட்டத்தின் அதிர்வும், உடல் வெப்பமும், மூச்சில் வரும் கார்பன் டைஆக்சைடும் பட்டவுடன் வெளியே துள்ளும். விடுமுறைக்குப் பூட்டிப்போன வீட்டைத் திறந்ததும் தெள்ளுக் கூட்டம் காலில் ஏறுவது இதனால்தான்.

ஆகவே நாய்க்கு மட்டும் மருந்திட்டால் நூற்றில் ஐந்து பங்கு வேலைதான் முடிந்திருக்கும். படுக்கையை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். தரையையும் மூலைமுடுக்கையும் பல நாட்கள் பெருக்கித் துடைக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரு வெள்ளைத் தாளை நனைத்துத் தரையில் விரியுங்கள். நாயை அதன்மேல் நிறுத்தி, நெருக்கமான பற்களுள்ள சீப்பால் முதுகை வாருங்கள். கறுப்புத் துகள்கள் உதிர்கின்றனவா? சிறிது நேரத்தில் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது மண் அன்று. தெள்ளின் எச்சம், அதாவது செரித்த இரத்தம்! சோதனை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்க வேண்டாம்.

சுவர் இடுக்கில் உண்ணி

உண்ணி பூச்சி அன்று. எட்டுக் கால்களை உடைய, சிலந்தியின் உறவுப் பிராணி. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி பார்ப்பதற்கு ஆமணக்கு விதை போலவே இருக்கும். ஆமணக்கின் தாவரவியல் பெயரான 'ரிசினஸ்' என்பதே லத்தீன் மொழியில் உண்ணியைக் குறிக்கும் சொல்தான். பருத்த உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவர் இடுக்கில் புகுந்து, ஆயிரக்கணக்கான முட்டைகள் இட்டுவிட்டு இறக்கும். எனவே இங்கும் நாயோடு வீட்டையும் கவனித்தாக வேண்டும்.

உண்ணி நாயின் இரத்தத்தில் காய்ச்சல் கிருமிகளையும் செலுத்தக்கூடும். அதைத் தீக்குச்சியால் சுடுவதோ, எண்ணெய் ஊற்றுவதோ, விரலால் நசுக்குவதோ தவறு. சிறு இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுப்பதே முறை.

தோலுக்குள் சுரங்கம்

மூன்றாவது எதிரியை வெறும் கண்ணால் அடையாளம் காண்பது அரிது. அரை மி.மீ. கூட இல்லாத சிற்றுண்ணி அது. 'சார்காப்டிஸ்' என்பது அதன் பெயர். பெண் சிற்றுண்ணி தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டிக்கொண்டே போய், வழியெல்லாம் முட்டையிடும். காது ஓரம், முழங்கை, வயிறு ஆகிய இடங்களில் நோய் முதலில் தோன்றும். அரிப்போ தாங்க முடியாததாக இருக்கும்.

மனிதருக்கு வரும் சொறி சிரங்குக்கும் இதே இனத்தின் மற்றொரு வகைதான் காரணம். 1687-இல் இத்தாலியில் போனோமோ என்ற மருத்துவரும் செஸ்தோனி என்ற மருந்தாளரும் இதை நுண்ணோக்கியில் கண்டு படம் வரைந்து வெளியிட்டார்கள். ஆனால் மருத்துவ உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. 1834-இல் பாரிஸ் நகர மருத்துவமனை ஒன்றில், கார்சிகா தீவிலிருந்து வந்த ரெனுச்சி என்ற மாணவர், நோயாளியின் தோலிலிருந்து ஊசி முனையால் சிற்றுண்ணியை எடுத்துக் காட்டினார். தம் ஊர்ப் பெண்கள் அப்படி எடுப்பதை அவர் பார்த்திருந்தார். அதன் பிறகுதான் ஐயம் தீர்ந்தது.

நாயின் சிற்றுண்ணி நம்மீது தொற்றினால் சில நாட்கள் அரிக்கும். ஆனால் பொதுவாக நம் தோலில் அது பெருகுவதில்லை. நாய்க்கு நாய் மிக விரைவாகப் பரவும்.

இதைப் போலவே முடியை உதிர்க்கும் மற்றொரு சிற்றுண்ணி 'டெமோடெக்ஸ்'. இது முடிக்குழியில் வாழ்வது. பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து குட்டிக்கு வந்து, தீங்கின்றிக் காலம் கழிக்கும். குட்டியின் எதிர்ப்புச் சக்தி குறைந்தால்தான் பெருகி நோயாகும். ஆரோக்கியமான மற்ற நாய்களுக்கு இது தொற்றாது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தெரியலாம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். அந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே போதும்.

படர்தாமரையும் சீழும்

வட்ட வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கலாம். இது பூஞ்சைக் காளானின் வேலை. பூனைக்குட்டிகளிடம் மிகுதி. அவற்றைக் கொஞ்சும் பிள்ளைகளுக்கும் எளிதில் தொற்றும். சீழ்க் கொப்புளங்களுக்குக் காரணம் பாக்டீரியா. இவை நல்ல தோலிலும் சும்மா இருப்பவைதாம். சொறிந்து புண்ணானதும் உள்ளே புகுந்து பெருகுகின்றன. பூச்சி மருந்து காளானைக் கொல்லாது. காளான் மருந்து பாக்டீரியாவைக் கொல்லாது.

மண்ணில் கிடைத்த மருந்து

ஜப்பானிய அறிஞர் சடோஷி ஓமுரா, இட்டோ நகரில் கோல்ஃப் மைதானம் ஒன்றின் அருகே எடுத்த மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். 1974-இல் அது அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. அங்கே வில்லியம் கேம்ப்பெல் குழுவினர் அதிலிருந்து புழுக்கொல்லிப் பொருளைக் கண்டனர். அதைச் சற்றே மாற்றிச் செய்ததுதான் ஐவர்மெக்டின். 1981 முதல் கால்நடைகளுக்குப் பயன்பட்டது. பின்னர் ஆப்பிரிக்காவில் 'ஆற்றுக் குருடு' என்னும் மனித நோயையும் அடக்கியது. 2015-இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

இந்த மருந்து சிற்றுண்ணியின் நரம்புச் செல்களில் உள்ள சில வாயில்களைத் திறந்தபடியே நிறுத்திவிடும். சிற்றுண்ணி செயலிழந்து சாகும். நாயின் மூளைக்கும் இது தீங்கு செய்யக்கூடியதே. ஆனால் மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய்ச் சுவரில் ஒரு புரதம் காவல் நிற்கிறது. உள்ளே நுழையும் மருந்தை அது வெளியே தள்ளிவிடுகிறது.

கோலி இன நாய்கள் சில, சொறிக்குத் தரும் அளவு மருந்திலேயே நடுங்கி, மயங்கி இறந்தன. காரணம் 2001-இல் தெரிந்தது. காவல் புரதத்தை உருவாக்கும் ஜீனில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருந்தன. புரதம் முழுமையாக உருவாகவில்லை; மருந்து தங்கு தடையின்றி மூளைக்குள் புகுந்துவிட்டது! ஒரு நாயைக் குணப்படுத்திய மருந்தே மற்றொரு நாயைக் கொன்றது.

பூனை, சிறிய நாய் அன்று

நாய்களின் மீது தெள்ளையும் உண்ணியையும் ஒழிக்கப் பயன்படும் பெர்மெத்ரின் மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு. இத்தகைய பொருள்களை மாற்றி வெளியேற்றும் வேதிவினை பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. அதற்கும் இதே குறைதான் முக்கியக் காரணம்.

என்ன செய்ய வேண்டும்?

அரிப்பு எந்த இடத்தில் தொடங்கியது, எத்தனை நாட்களாக இருக்கிறது, வீட்டில் வேறு யாருக்கேனும் அரிக்கிறதா என்பனவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நாயை எடைபோட்டு அதையும் எழுதுங்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. தாளோடு நாயைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். பல மருந்துகள் சிற்றுண்ணியைக் கொல்லுமே தவிர முட்டையைக் கொல்வதில்லை. முட்டைகள் பொரித்த பிறகு மறுமுறை மருந்து தந்தால்தான் அந்தத் தலைமுறையும் ஒழியும்.

நாய்க்குத் தன் நோயைச் சொல்லத் தெரியாது. சொறியத்தான் தெரியும். காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் நாம்தான்.