தோற்ற பின்னும் போற்றப்படும் மல்லர்

மற்போரில் வல்லவனைக் கண்டு மக்கள் வியப்பது இன்று நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. சோழர் குடியில் பிறந்த போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய காட்சி புறநானூற்றில் இடம்பெற்றுள்ளது. ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறு காலால் அவனுடைய சூழ்ச்சியைத் தடுத்து நின்ற அவ்வீரனின் நிலையைச் சாத்தந்தையார் அருகில் நின்று பார்த்தவர்போலப் பாடியுள்ளார். நக்கண்ணையாரோ அவன்மீது கொண்ட காதலையே பாட்டாக்கினார். வியப்பு பழையது. ஆனால், மல்லனிடம் வியப்பதற்குரியது எது என்னும் வினா எக்காலத்துக்கும் பொதுவானது. அவன் பெறும் வெற்றியா? அவன் கற்ற கலையா? அன்றி, வேறொன்றா? இக்காலத்தில் இவ்வினாவுக்கு விடை காணத் துணைபுரிவது, பியோதர் எமிலியானென்கோ என்னும் ரஷ்ய மல்லரின் வரலாறு.

கலப்புப் போர் என்பது யாது?

கலப்புத் தற்காப்புக் கலை எனப்படும் விளையாட்டில் குத்துச்சண்டை, உதைச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ ஆகிய யாவும் ஒரே கோதாவில் கூடுகின்றன. நின்றவாறு குத்தலாம், எதிரியைத் தூக்கி எறியலாம், தரையில் வீழ்த்திய பின்னும் போர் நிற்பதில்லை. எதிரி நினைவிழந்தாலும், நடுவரோ மருத்துவரோ போரை நிறுத்தினாலும் முடிவு ஏற்படும். கையோ கழுத்தோ பூட்டில் சிக்கியவர் தம் கையால் தட்டினால், அது தோல்வியை ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். இவற்றுள் எதுவும் நேராவிடில் தீர்ப்பாளர்கள் முடிவு கூறுவர். ஏறத்தாழ 93 கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ளவர்கள் போரிடுவது பார எடைப் பிரிவு. ஒரே குத்தில் ஆட்டம் முடிந்துவிடக்கூடிய பிரிவு இது. ஆதலால் இதில் நெடுங்காலம் தோல்வி காணாமல் நிற்பது மிக அரிது.

அவ்வரிய செயலைச் செய்தவர் பியோதர். அவர் 1976ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், அன்றைய சோவியத் நாட்டின் உக்ரைன் பகுதியிலுள்ள ரூபிஷ்னே என்னும் ஊரில் பிறந்தார். அவர் சிறு குழந்தையாயிருந்தபோதே குடும்பம் ரஷ்யாவிலுள்ள ஸ்தாரி ஒஸ்கோல் என்னும் நகரில் குடியேறிற்று. தந்தை இரும்பைப் பற்றவைக்கும் தொழிலாளி, தாய் ஆசிரியை. எளிய குடும்பத்துப் பிள்ளையான அவர் சிறு வயதிலேயே சாம்போவும் ஜூடோவும் பயின்றார். படைப்பணியை முடித்து வந்தவருக்கு அக்கலைகள் பதக்கம் தந்தனவேயன்றிப் போதிய வருவாய் தரவில்லை. பிழைப்பை முன்னிட்டே அவர் கலப்புப் போருக்கு வந்தார்.

சாம்போ வளர்ந்த கதை

பியோதரின் திறமைக்கு வேர் சாம்போ. "ஆயுதமின்றித் தற்காத்தல்" என்னும் பொருளுடைய ரஷ்யச் சொற்றொடரின் சுருக்கமே இப்பெயர். இக்கலையை உருவாக்கியவர்களுள் ஒருவரான வசீலி ஒஷ்செப்கோவ் ஜப்பானுக்குச் சென்று, ஜூடோவின் தலைமைப் பள்ளியான கோடோக்கானில் பயின்றவர். தாம் கற்றதைச் சோவியத் படையினருக்குக் கற்பித்த அவர், ஜப்பானின் ஒற்றர் என்னும் பழி சுமத்தப்பட்டு 1937ஆம் ஆண்டில் சிறையில் மாண்டார். அதற்கு அடுத்த ஆண்டே, 1938இல், சாம்போ அரசினரால் ஏற்கப்பட்ட விளையாட்டாயிற்று. ஆசானை அழித்த நாடு அவர் வளர்த்த கலையை வைத்துக்கொண்டது. அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே கலையில் தேர்ந்த ஒருவர் ஜப்பானுக்குச் சென்று பெரும்புகழ் பெற்றார் என்பது வரலாற்றின் விந்தை எனலாம்.

2000ஆம் ஆண்டில் ஜப்பானில் களமிறங்கிய பியோதர், அவ்வாண்டு டிசம்பரில் சுயோஷி கோசாகாவிடம் தோற்றதாகப் பதிவாயிற்று. எதிரியின் முழங்கை பட்டு நெற்றி கிழிந்ததால் 17 நொடியில் மருத்துவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். அதற்கடுத்த தோல்வி 2010ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் வந்தது. இடைப்பட்ட ஒன்பதரை ஆண்டுகளே அவரைப் பெரும்புகழுக்கு உரியவராக்கின.

வெற்றியின் நுட்பம்

பியோதர் பார்வைக்குப் பெரிய பயில்வானாகத் தோன்றுபவர் அல்லர். உயரம் ஏறத்தாழ 183 சென்டிமீட்டர். எடை 105 கிலோ அளவு. வயிற்றில் சிறிது சதையும் உண்டு. ஆனால், 'பிரைடு' என்னும் ஜப்பானிய அமைப்பில் 2002ஆம் ஆண்டு அவர் முதன்முதலில் வென்ற செம்மி ஷில்ட் 212 சென்டிமீட்டர் உயரமுள்ளவர். வேறுபட்ட கலைகளை இடைவெளியின்றி இணைத்ததே பியோதரின் நுட்பம். வீசிய குத்து எதிரியைத் தொட்டதும் அதே கை அவரைப் பற்றும். பற்றிய கை தூக்கி எறியும். எறிந்த கணத்திலேயே தரையில் குத்து தொடங்கும். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடைவெளியில்தான் எதிரி மூச்சுவிட முடியும். அந்த இடைவெளியை அவர் தரவில்லை.

2003ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் யோகோஹாமாவில் பிரேசில் நாட்டு அந்தோனியோ ரொத்ரிகோ நொகேராவுடன் அவர் மோதினார். மல்லாந்து கிடந்தபடியே எதிரியின் கையையும் கழுத்தையும் பூட்டுவதில் நொகேரா இணையற்றவர். அவர்மேல் விழுவதற்கே மற்றவர்கள் அஞ்சினர். பியோதரோ துணிந்து அங்கேயே சென்றார். பூட்டுகளைத் தவிர்த்தவாறே மேலிருந்து ஓயாது குத்தி வென்று, பார எடைப் பட்டத்தைக் கைப்பற்றினார்.

ரசிகர்கள் மறவாத மற்றொரு காட்சி 2004ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிகழ்ந்தது. அமெரிக்க மல்லர் கெவின் ராண்டில்மேன், பியோதரைப் பின்னிருந்து கட்டித் தூக்கித் தலை தரையில் மோதுமாறு எறிந்தார். அரங்கம் திகைத்தது. கழுத்தே முறிந்திருக்கும் என்று பலர் அஞ்சிய நிலையில், பியோதர் புரண்டு மேலேறி எதிரியின் கையைப் பூட்டினார். ராண்டில்மேன் தட்டி ஒப்புக்கொண்டார். அந்த ஆட்டம் முழுவதும் நடந்த நேரம் 1 நிமிடம் 33 நொடி. முகத்தில் சினமும் இல்லை; அச்சமும் இல்லை. 2005ஆம் ஆண்டில் குரோவேஷிய நாட்டு மிர்கோ குரோகாப்பின் புகழ்பெற்ற உதைகளைத் தாங்கி வென்றபோதும் அதே முகந்தான். அம்முகமே ரசிகர்களை ஈர்த்த முதற்காரணம்.

இவ்விளையாட்டின் கொடுமையையும் மறைத்தலாகாது. 2006ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் பியோதரிடம் தோற்ற மார்க் கோல்மன், தம் இளம் புதல்வியர் இருவரைக் கோதாவுக்குள் அழைத்தார். தந்தையின் வீங்கிய முகத்தைக் கண்டு குழந்தைகள் அழுதனர். கோல்மன் அவர்களைத் தேற்றிப் பியோதரிடமே அழைத்துச் சென்றார். இருவருக்கும் பகையில்லை என்பதைக் குழந்தைகள் காண வேண்டும் என்று அத்தந்தை விரும்பினார் போலும். ஆயினும், அக்கண்ணீரைக் கண்ட எவரும் வெற்றியை மட்டும் கொண்டாடிவிட்டுச் செல்ல இயலாது.

வீழ்ச்சியும் மதிப்பும்

2010ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் பப்ரீசியோ வெர்தும் என்னும் பிரேசில் வீரர் தரையில் விழுந்தார். அவரைப் பின்தொடர்ந்து பாய்ந்த பியோதர் அவர் கால்களுக்கிடையே சிக்கினார். 69ஆவது நொடியில் தட்டி ஒப்புக்கொண்டார். நொகேராவிடம் வென்றுதந்த அதே துணிவு இம்முறை அவரை வீழ்த்திற்று. அவர் சாக்குப்போக்குக் கூறவில்லை. விழாதவன் எழுவதுமில்லை என்றும், மக்கள் தம்மை ஒரு தெய்வச்சிலைபோல ஆக்கிவிட்டனர், ஆனால் தாமும் ஏனையோர் போன்ற மனிதரே என்றும் சொன்னார். அடுத்த ஆண்டில் மேலும் இருமுறை தோற்றார். ரசிகர்கள் அவரைக் கைவிடவில்லை.

அவரைக் குறைகூறுவோரும் உளர். உலகின் பெரிய அமைப்பான யு.எப்.சி.யில் அவர் ஒருமுறையேனும் போரிடவில்லை. பிற்கால எதிரிகள் சிலர் அவருக்கு நிகரானவர்கள் அல்லர் என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. எல்லாரினும் சிறந்தவர் அவரே என்று அறுதியிட இயலாது. ஆனால், மதிப்பு வேறு, தரவரிசை வேறு.

இதற்குச் சான்று கோதாவுக்கு வெளியே கிடைத்தது. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் செச்சினியாவின் குரோஸ்னி நகரில், அப்பகுதித் தலைவர் ரம்சான் கதிரோவின் புதல்வர்கள் உட்படச் சிறுவர்கள் தலைக்கவசமின்றிக் கலப்புப் போரில் இறக்கப்பட்டனர். அவர்களுக்கு வயது பத்தும் அதற்குக் குறைவுமே. அப்போது ரஷ்யக் கலப்புப் போர்ச் சங்கத்தின் தலைவராயிருந்த பியோதர், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இப்போர்களைப் பார்க்கவே கூடாது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். கதிரோவைச் சார்ந்தோர் அவர்மீது கடுஞ்சொற்களைப் பொழிந்தனர். எனினும், இப்போரின் கொடுமையை உடம்பால் அறிந்த ஒருவர் அது குழந்தைகளுக்கு ஆகாது என்று உரைத்த சொல்லுக்கு, எந்தப் பட்டத்தையும்விட எடை மிகுதி.

2023ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், தம் நாற்பத்தாறாம் வயதில், கலிபோர்னியாவில் ரையன் பேடரிடம் முதற்சுற்றிலேயே தோற்றுப் பியோதர் விடைபெற்றார். கையுறைகளைக் கழற்றிக் களத்தில் வைத்தார். ராய்ஸ் கிரேசி, ராண்டி கூத்தூர் முதலிய முன்னாள் வீரர்கள் உள்ளே வந்து அவரைச் சூழ்ந்து நின்றனர். 2011ஆம் ஆண்டில் அவரை வீழ்த்திய டான் ஹென்டர்சனும் அவர்களுள் ஒருவர். வென்றவரும் தோற்றவரும் ஒருங்கே வணங்கியது, அன்று தோற்று நின்ற ஒருவரை.

வலிமை வயதோடு தேயும், பட்டம் கைமாறும். வென்றபோது செருக்கின்றியும் தோற்றபோது சாக்கின்றியும் நின்ற நிலை மட்டும் தேய்வதில்லை. மல்லனிடம் வியப்பதற்குரியது அதுவே.