விறகின் சுவை: பாம்பெர்க் நகரின் புகை பீர்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தின் வடபகுதியான பிராங்கோனியாவில், ரெக்னிட்ஸ் ஆற்றங்கரையில் அமைந்துள்ள பாம்பெர்க், தன் பழமையான கட்டடங்களுக்காக 1993இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரமாகும். பீரின் நுட்பங்களை அறிந்து சுவைப்பவர்களோ அந்நகரை அங்கே காய்ச்சப்படும் 'ரௌஹ்பியர்' எனப்படும் புகை பீருக்காகவே நாடிச் செல்கின்றனர். சிறு ஆலைகளில், குறைந்த அளவில், தனித்த சுவைக்காகக் காய்ச்சப்படும் பீரை இன்று உலகெங்கும் 'கிராஃப்ட் பீர்' என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயர் புழக்கத்துக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே, 1405ஆம் ஆண்டிலேயே ஆவணத்தில் குறிப்பிடப்பட்ட ஷ்லெங்கெர்லா என்னும் மதுக்கூடமும், 1536ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்ட ஸ்பெட்சியால் ஆலையும் இந்நகரில் இருந்து வருகின்றன.

இந்தப் பீரின் தனித்தன்மை முழுவதும் அதன் தானியத்தை உலர்த்தும் முறையில் அடங்கியிருக்கிறது. பார்லியை ஊறவைத்து முளைகட்டச் செய்யும்போது, அதிலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றக்கூடிய நொதிகள் உருவாகின்றன. தக்க நேரத்தில் அந்த முளைப்பை நிறுத்தி உலர்த்தினால் கிடைப்பதே 'மால்ட்'. நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து மாவாக அரைப்பதும் ஏறத்தாழ இதே முறைதான் என்றாலும், வெயில் குறைந்த வடபுலத்தில் உலர்த்துவதற்கு நெருப்பே துணையாயிற்று. பாம்பெர்க்கில் பீச் மரக் கட்டைகளை எரித்து, அந்தப் புகையை ஈரம் காயாத தானியத்தின் ஊடாகச் செலுத்துகிறார்கள். அப்போது குவையகால், சிரிங்கால் முதலிய மணப்பொருள்கள் தானியத்தின் மேல் படிந்து, காய்ச்சுதல், நொதித்தல் ஆகிய கட்டங்களையெல்லாம் தாண்டிக் கோப்பை வரை வந்து சேர்கின்றன. பீரில் சேர்க்கத்தக்க பொருள்களை வரையறுத்த புகழ்பெற்ற பவேரியச் சட்டம் 1516இல் பிறந்தது. அதற்கு முன்பே, 1489இல், பாம்பெர்க்கின் ஆயர் மால்ட், ஹாப்ஸ், தண்ணீர் ஆகிய மூன்றை மட்டுமே அனுமதித்து ஆணையிட்டிருந்தார். ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூங்கதிர். புகை, தனியாகச் சேர்க்கப்படும் பொருளாக இல்லாமல் உலர்த்தும் முறையின் விளைவாகவே இருப்பதால், இத்தகைய விதிகளுக்குள்ளும் அதற்கு இடமிருந்தது.

விறகு நெருப்பில் மால்ட்டை உலர்த்திய காலத்தில் புகைமணம் பெரும்பாலான பீர்களுக்குப் பொதுவானதாகவே இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் புகை குறைந்த கோக் எரிபொருளைக் கொண்டு மால்ட்டை உலர்த்தத் தொடங்கியதும், பின்னர் புகை தானியத்தைத் தொடாமல் வெப்பக் காற்று மட்டும் சென்று சேரும் உலைகள் பரவியதும், வெளிர்நிறமும் தூய சுவையும் கொண்ட பீரை எளிதாக்கின. காலப்போக்கில் பெரும்பாலான ஆலைகள் புகையைக் கைவிட்டன. ஷ்லெங்கெர்லாவும் ஸ்பெட்சியாலும் மட்டும் இந்நகரில் தங்கள் மால்ட்டைத் தாங்களே புகையிட்டு உலர்த்தும் வழக்கத்தை விடாமல் காத்து வந்திருக்கின்றன. ஒரு காலத்தில் வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்த சுவை, இவ்வாறு, விரும்பித் தேர்ந்துகொண்ட சுவையாக மாறிற்று.

ஷ்லெங்கெர்லாவின் முதன்மையான பீர் 'மெர்ட்ஸன்' எனப்படுகிறது. 5.1 சதவீத ஆல்கஹால் கொண்ட, கரும்பழுப்பு நிறமுடைய இதைப் பாறையைக் குடைந்து அமைத்த நிலவறைகளில் முதிரவைத்து, மதுக்கூடத்தில் மரப்பீப்பாயிலிருந்து நேரடியாகக் கோப்பையில் வடிக்கிறார்கள். முதல் மிடறு பெரும்பாலோரைத் திகைக்க வைக்கிறது. புகையூட்டிய பன்றி இறைச்சியின் மணம் மற்ற சுவைகளையெல்லாம் மறைத்துவிடுவதே அதற்குக் காரணம். ஆனால் ஒரே மணத்தைத் தொடர்ந்து நுகரும்போது மூக்கின் உணர்வு அதற்குப் பழகி மங்கிவிடுவது இயல்பாகையால், கோப்பை பாதி காலியாகும் வேளையில் புகை பின்வாங்கி, மால்ட்டின் மெல்லிய இனிப்பும், இறுதியில் நாவில் உலர்ந்து நிற்கும் ஹாப்ஸின் கசப்பும் ஒவ்வொன்றாகத் தெரியவருகின்றன. எனவே சிறு சிறு மாதிரிகளை அடுத்தடுத்து ஒரு வாய் பருகி மதிப்பிடும் வழக்கம் இங்கே பயன்படாது. புதிதாகச் சுவைப்பவர், புகையிடாத மால்ட்டில் காய்ச்சப்பட்டாலும் அதே கொப்பரைகளையும் ஈஸ்ட்டையும் பகிர்ந்துகொள்வதால் இலேசான புகைமணம் ஏறிய 'ஹெல்லஸ்' வகையில் தொடங்கி, அதன்பின் மெர்ட்ஸனுக்குச் செல்வது நல்லது. கிறிஸ்துமஸ் காலத்தில் கிடைக்கும் 'டொப்பல்பொக்' ஓக் மரப் புகையில் உலர்த்திய மால்ட்டால் ஆனது. அதன் புகை சற்று மென்மையாக இருந்தாலும், ஆல்கஹால் 8 சதவீதம் என்பதால் அளவறிந்து பருக வேண்டியது.

மேசைக்கு வரும் உணவும் இந்தப் புகையைக் கணக்கில் கொண்டே அமைந்திருக்கிறது. நகரின் பெயரையே தாங்கிய 'பாம்பெர்கர் ஸ்வீபல்' என்பது, பெரிய வெங்காயத்தைக் குடைந்து, கொத்திய பன்றி இறைச்சியை நிரப்பி வேகவைத்து, புகை பீர் சேர்த்த குழம்புடன் பரிமாறப்படும் உணவு. இதில் வெங்காயத்தின் இனிப்பு மால்ட்டின் இனிப்போடு இணைய, குழம்பு கோப்பையையும் தட்டையும் ஒன்றாக்குகிறது. 'ஷொய்ஃபெர்லா' எனப்படும் பன்றியின் தோள்கறி, தோல் மொறுமொறுப்பாகும் வரை வாட்டப்பட்டு, உருளைக்கிழங்கு உருண்டையுடன் வருகிறது. அதன் கொழுப்பைப் பீரின் கசப்பு நாவிலிருந்து கழுவிவிடுகிறது. வினிகரும் வெங்காயமும் சேர்ந்த சாற்றில் வேகவைத்த தொத்திறைச்சியும், புளிக்கவைத்த முட்டைக்கோஸும் புளிப்பால் புகையின் கனத்தைக் குறைக்கின்றன. இறைச்சி உண்ணாதவர்களுக்குக் கனிந்த பாலாடைக்கட்டியை வெண்ணெய், மிளகாய்த்தூளின் மென்வகையான பாப்ரிகா, வெங்காயம் ஆகியவற்றுடன் பிசைந்த 'ஒபாட்ஸ்டா' ரொட்டியோடு கிடைக்கிறது. கோடையில் பழைய நிலவறைகளின் மேலே, மரநிழலில் பலகைகள் போடப்பட்ட தோட்டங்களில் பீர் பருகுவது பிராங்கோனிய வழக்கம். அவற்றில் சிலவற்றுக்கு உணவை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வரலாம்.

கிராஃப்ட் பீர் இயக்கம் பரவிய பிறகு, 1879இல் பாம்பெர்க்கில் நிறுவப்பட்ட வையர்மன் நிறுவனத்தின் புகையிட்ட மால்ட் பல நாடுகளின் சிறு ஆலைகளுக்குச் செல்கிறது. ஆகவே புகை பீரை இன்று எந்த ஊரிலும் காய்ச்சிவிடலாம். ஆனால் அமெரிக்காவின் அலாஸ்கன் ஆலை 1988இல் 'புகை போர்ட்டர்' என்னும் தன் பீரை உருவாக்கியபோது வேறு வழியைத் தேர்ந்தது. ஜூனோ நகரில் மீனைப் புகையிடும் கூடத்திலேயே, அப்பகுதியில் வளரும் ஆல்டர் மரத்தின் புகையில் தன் மால்ட்டை உலர்த்திக்கொண்டது. பாம்பெர்க்கின் மால்ட்டை வாங்குவோர் அதன் சுவையைப் பெறுகிறார்கள். தன் ஊரின் விறகைத் தேடிக்கொண்ட ஜூனோ, அதன் முறையைப் பெற்றது.