வெறிநாய்க்கடியும் உடலின் காவலும்

நாய் கடித்த புண் சில நாட்களில் ஆறிவிடுகிறது. கடிபட்டவரும் அதனை மறந்துவிடுகிறார். ஆனால் அந்த நாய்க்கு வெறிநோய் இருந்திருப்பின், இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின்னரும் நோய் தலைகாட்டக்கூடும். தலைகாட்டிய பின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. நம் உடலில் நோயை எதிர்க்கும் ஆற்றல் இருந்தும் இவ்வாறு நேர்வது ஏன்?

தட்டம்மை போன்ற நோய்களின் கிருமிகள் இரத்தத்தின் வழியே பரவுகின்றன. வெள்ளணுக்கள் அவற்றை இனங்கண்டு, அவற்றை முறியடிக்கும் எதிர்ப்பொருள்களை ஆக்குகின்றன. வெறிநோய் வைரஸோ அவ்வழியை நாடுவதில்லை. தசையிலிருந்து நரம்பின் நுனிக்குள் புகுந்து, நரம்பினூடே தண்டுவடத்தை அடைந்து, அங்கிருந்து மூளைக்கு ஏறுகிறது. பெருவழியில் காவலர் நிற்க, கள்வன் சுரங்க வழியே செல்வது போன்றது இது. மேலும், மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்கள் கண்ட பொருளையும் உள்ளே விடுவதில்லை. பிற வேளைகளில் மூளையைக் காக்கும் இத்தடையே, இந்நோயில் எதிர்ப்பொருள்களையும் வெளியே நிறுத்திவிடுகிறது.

ஆயினும் கள்வனின் பயணம் மெதுவானது. அந்த அவகாசமே நமக்குக் கிடைத்த வாய்ப்பு என்பதை 1885-இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் மெய்ப்பித்தார். கடிபட்ட ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவருடைய மருந்து ஊசியாகப் போடப்பட்டது; சிறுவன் பிழைத்தான். நம் நாட்டில் 1900-இல் கசௌலியிலும், 1907-இல் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் எழுந்தன. ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட பழைய மருந்தை வயிற்றில் பல நாட்கள் ஊசியாக ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சிலருக்கு அது, உடலின் எதிர்ப்பாற்றலை அவர்களுடைய நரம்புகள் மீதே திருப்பிவிட்டது. இன்று அம்மருந்து கைவிடப்பட்டு, வளர்ப்பு உயிரணுக்களில் செய்யப்படும் மருந்து கையில் போடப்படுகிறது.

ஊசி போட்ட பின் எதிர்ப்பொருள் பிறக்க ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும். அதுவரை காவல் வேண்டாமா? அதற்காகவே, தோல் கிழிந்த கடிகளில், ஆயத்தமான எதிர்ப்பொருளைப் புண்ணைச் சுற்றிலும் செலுத்துகிறார்கள்.

அதற்கு முன்னரே நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. கடிபட்டவுடன் புண்ணைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப்பொடியோ சுண்ணாம்போ தடவுதல் கூடாது. கழுவியதும் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொள்ள வேண்டும். கிருமி நரம்பில் நுழையுமுன் நாம் முந்திக்கொண்டால், மூளை தப்பும்.