ஆசிரியரின்றிக் கற்ற நுண்கணிதம்

மேல்நிலை இரண்டாம் ஆண்டில் எங்கள் பள்ளியில் கணித ஆசிரியர் பணியிடம் காலி. பொதுத் தேர்வு காத்திருக்குமா? வகையிடலையும் தொகையிடலையும் பாடநூலைத் துணைக்கொண்டு நானே படிக்க வேண்டியதாயிற்று. வீட்டிலோ கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரிந்தவர் எவருமில்லை. 1903-ஆம் ஆண்டில் இராமானுசன் கார் என்பவரின் நூலைத் தனியே கற்றார் என்று தமிழாசிரியர் தேற்றினார். அவர் இராமானுசன், நான் யார்?

சூத்திரங்கள் மனப்பாடமாயின, பொருள் விளங்கவில்லை. வட்டத்தின் பரப்பை ஆரத்தைப் பொறுத்து வகையிட்டால் சுற்றளவு வருகிறதே, ஏன்? அம்மா தோசை வார்க்கையில் விடை கிடைத்தது. மாவு பரவும்போது விளிம்பில் மெல்லிய வளையம் ஒன்று கூடுகிறது. அதை நறுக்கி நீட்டினால் நாடா. நீளம் சுற்றளவு, அகலம் ஆரத்தின் சிறு உயர்வு. வெளி விளிம்பு சற்றே நீளம்தான். அகலம் பூச்சியத்தை நெருங்க நெருங்க அப்பிழை மறைகிறது. எல்லை என்பது இதுதான்!

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சதுரத்தின் பரப்பை வகையிட்டால் பக்கத்தின் 2 மடங்கே வருகிறது. சுற்றளவோ 4 மடங்கு. கேட்க ஆளில்லை. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பக்கம் 1 செ.மீ. வளர்ந்தால், மையத்திலிருந்து ஒவ்வோர் ஓரமும் அரை செ.மீ.தானே நகர்கிறது! மையத்திலிருந்து ஓரம்வரையுள்ள தூரத்தைக் கொண்டு பாருங்கள்: பரப்பு அதன் வர்க்கத்தின் 4 மடங்கு; வகையிட்டால் அத்தூரத்தின் 8 மடங்கு. சுற்றளவும் அதுவே.

பொதுத் தேர்வில் இதுபற்றி வினா வரவில்லை. சென்ற மாதம் முதலாண்டுத் தம்பி ஒருவன் இதே ஐயத்துடன் வந்தான். விடுதியில் அன்று உப்புமா. ஆகவே சாக்கட்டியால் தரையில் வரைந்து காட்டினேன்.